சட்ட ஆசிரியருக்கு யார் பாடம் நடத்துவது?

உயர் நீதிமன்ற வராந்தாவில் 'ஃபோர் எய்ட்டி டூ' என்று யாராவது சொன்னால், 2024 ஜூன் 30 வரை அதற்கு ஒரே பொருள்தான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-ஆம் பிரிவு. உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தைக் கொண்டு முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யக் கேட்கும் மனு. மறுநாள் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதிலும் 482 இருக்கிறது, அது முன்ஜாமீன். ரத்து மனு 528-க்குப் போய்விட்டது. பழைய தண்டனைச் சட்டத்தில் 302 என்றால் கொலை. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. கொலைக்கான தண்டனை 103-இல் இருக்கிறது. சினிமா வசனம் வரை இறங்கி வசவாகவே மாறிவிட்ட 420 புதிய சட்டத்தில் கிடையாது. அதன் மொத்தப் பிரிவுகளே 358தான்.

இதில் மாணவருக்குப் பெரிய கஷ்டமில்லை. அந்த ஆண்டு சட்டக் கல்லூரியில் சேர்ந்தவர் பழைய எண்களைப் படித்தவரே அல்ல. இருபது ஆண்டாகக் கரும்பலகையில் எழுதி எழுதி அந்த எண்கள் கையில் ஊறிப்போன ஆசிரியருக்குத்தான் சிரமம். 2024 மே மாதம் இந்திய பார் கவுன்சில் சுற்றறிக்கை ஒன்றை அனுப்பியது. மூன்று புதிய குற்றவியல் சட்டங்களையும் 2024-25 கல்வியாண்டிலேயே பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும், சமரசம் கட்டாயப் பாடமாக வேண்டும் என்றது. கல்லூரி திறக்க ஒன்றிரண்டு மாதங்களே இருந்தன. மாணவர் என்ன படிக்க வேண்டும் என்பது அந்தச் சுற்றறிக்கையில் தெளிவாக இருந்தது. அதைக் கற்பிக்க வேண்டியவர் எங்கே, யாரிடம் போய்க் கற்றுக்கொள்வது?

இந்தியச் சட்டக் கல்வியில் கடந்த கால் நூற்றாண்டாக நடந்த சீர்திருத்தங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் இந்தக் கேள்வி எங்குமே சரியாகக் கேட்கப்படவில்லை என்று தெரியும். சீர்திருத்தம் வந்தபோதெல்லாம் மாணவர் முன்னால் ஒரு வாசல் எழுந்தது. 2008-இல் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு வந்தது. பதிவு செய்யும் வழக்கறிஞருக்கு ஓராண்டுப் பயிற்சி வேண்டும் என்று பார் கவுன்சில் முன்பு கொண்டுவந்த விதிகளை 1999-இல் சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த இடத்தை 2011-இல் அகில இந்திய பார் தேர்வு பிடித்தது. அது செல்லும் என்று 2023-இல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2025 மே 20-இல் இன்னொரு வாசல்: சிவில் நீதிபதித் தேர்வெழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் மறுபடியும் கட்டாயம். 2002-இல் தானே நீக்கிய நிபந்தனையை உச்ச நீதிமன்றமே திரும்பக் கொண்டுவந்தது. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கல்லூரியிலிருந்து நேராக நீதிபதி இருக்கைக்குப் போகிறவருக்கு நீதிமன்றம் எப்படி நடக்கிறது என்று தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? ஐந்தாண்டோ மூன்றாண்டோ அவருக்குப் பாடம் எடுத்தவர் நீதிமன்றத்தில் நிற்க முடியாதவர். முடியாதவர் என்பதை இங்கே சட்டப் பொருளிலேயே சொல்கிறேன்.

பார் கவுன்சில் விதிகளில் 49-ஆம் விதி, வழக்கறிஞர் ஒருவர் தொழிலில் இருக்கும்போது முழுநேரச் சம்பளப் பணியில் இருக்கக்கூடாது என்கிறது. வழக்கறிஞர்கள் சட்டக் கல்வி கற்பிப்பதற்காக ஒன்றிய அரசு 1979-இல் தனி விதிகளைப் போட்டது. அதன்படி தொழில் செய்யும் வழக்கறிஞர் சட்டக் கல்லூரியில் பாடம் எடுக்கலாம், நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல். மூன்று மணி நேரத்துக்குள் என்றால் அது பகுதிநேரப் பணியாகவே கொள்ளப்படும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும். முழுநேரப் பேராசிரியருக்கு இந்தச் சலுகை கிடையாது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2002-இல் இதே நிலையைத்தான் உறுதி செய்தது. ஆக, நீதிமன்றம் தெரிந்தவர் கல்லூரிக்கு விருந்தாளியாக வந்து போவார்; கல்லூரியிலேயே இருப்பவர் வழக்கறிஞர் பட்டியலில் பெயரிருந்தாலும் வக்காலத்து போட முடியாது.

மருத்துவக் கல்லூரியை நினைத்துப் பார்த்தால் இதன் வினோதம் புரியும். அங்கே அறுவை சிகிச்சை கற்பிக்கும் பேராசிரியர் காலையில் வார்டில் இருக்கிறார், மாணவர்கள் பின்னால் நிற்கிறார்கள். நோயாளியைத் தொட்டு இருபது ஆண்டாயிற்று என்று அவர் சொன்னால் அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் கிடைக்குமா? சட்டக் கல்லூரியில் அதுவே விதியாக இருக்கிறது.

இந்த ஏற்பாடு கெட்ட எண்ணத்தில் வந்ததல்ல. சுதந்திரத்துக்குப் பிந்தைய சீர்திருத்தக்காரர்கள் கண்ட சட்டக் கல்லூரி, நீதிமன்றம் முடிந்து கறுப்புக் கோட்டோடு ஓடிவந்து குறிப்பை வாசித்துவிட்டுப் போகும் வழக்கறிஞர்களால் நடந்தது. எம்.சி. செதல்வாட் தலைமையிலான முதல் சட்ட ஆணையம் 1958-இல் தந்த 14-ஆவது அறிக்கையில் சட்டக் கல்வியின் தரத்தைக் கடுமையாகச் சாடியது. முழுநேர ஆசிரியர்கள் வேண்டும் என்ற குரல் அப்போதிருந்தே வலுத்தது. 1980-களில் பெங்களூரில் என்.ஆர். மாதவ மேனன் தேசியச் சட்டப் பள்ளியைக் கட்டியபோது அந்தக் கனவு உருப்பெற்றது. 1988-இல் முதல் மாணவர்கள் வந்தார்கள். ஐந்தாண்டுப் படிப்பு, முழுநேர ஆசிரியர்கள். மேனன் நீதிமன்றத்தை மறந்தவர் அல்ல, சட்ட உதவியையும் செயல்முறைப் பயிற்சியையும் விடாமல் வற்புறுத்தியவர். ஆனால் நாடு முழுக்கப் பரவியது அவருடைய மாதிரியின் பாதி. முழுநேர ஆசிரியர் வந்தார், செயல்முறைப் பயிற்சி பதிவேட்டில் தங்கிவிட்டது.

பதிவேடு என்று சொன்னது உருவகமல்ல. பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளின்படி மாணவர் மூன்று மாதிரி நீதிமன்றங்களில் வாதிட வேண்டும், இரண்டு வழக்குகளின் விசாரணையை நேரில் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும், கட்சிக்காரரிடம் பேசி வழக்கைத் தயாரிக்கும் முறையை ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கவனித்து எழுத வேண்டும். முப்பது முப்பது மதிப்பெண், வாய்மொழித் தேர்வுக்குப் பத்து. மூன்றாண்டுப் படிப்புக்குப் பன்னிரண்டு வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு இருபது வாரம் களப்பயிற்சி. காகிதத்தில் அருமையான திட்டம்! நடைமுறையில் இதெல்லாம் ஒரு ரெக்கார்டு நோட்டுக்குள் அடங்கிவிடும். சீனியர் மாணவரின் நோட்டு ஜூனியருக்கு வரும், வழக்கு எண்ணும் தேதியும் மாறும், சாட்சி சொன்னது மாறாது. எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் அப்படி எழுதப்பட்ட நோட்டைக் கண்டுபிடிக்க, திருத்துகிறவர் அந்த நீதிமன்றத்தை அறிந்திருக்க வேண்டும். எந்த நீதிமன்றத்தில் செவ்வாய்க்கிழமை சாட்சி விசாரணை நடக்காது என்று அவருக்குத் தெரிந்தால் ஒரே பக்கத்தில் பிடித்துவிடலாம்.

சென்னைக் கதையில் இதற்கு ஒரு புவியியலும் உண்டு. 1891-இல் தொடங்கிய சட்டக் கல்லூரி உயர் நீதிமன்ற வளாகத்தையொட்டியே இருந்தது. வகுப்பு முடிந்து கோர்ட் ஹாலுக்கு நடந்தே போகலாம். 2008 நவம்பரில் மாணவர்களுக்குள் நடந்த கொடூர மோதலுக்குப் பிறகு நீதிபதி சண்முகம் ஆணையம் கல்லூரியை இடம் மாற்றப் பரிந்துரைத்தது. 2018-இல் கல்லூரி புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்குமாகப் பிரிந்து போனது. உயர் நீதிமன்றம் இருக்கும் பாரிமுனையிலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் ஒன்று, அதற்கும் அப்பால் மற்றொன்று. மாணவர்கள் இதை எதிர்த்துப் போராடினார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு, என்றாலும் நான் முழுக்க அவர்கள் பக்கம் நிற்கமாட்டேன். உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டையும் ரிட் மனுவையும் கற்க நல்ல இடம். சாட்சிக் கூண்டு, பிறழ்சாட்சி, வாய்தா, ரிமாண்டு எல்லாம் கற்க வேண்டிய இடம் கீழமை நீதிமன்றம். பட்டறைப்பெரும்புதூரிலிருந்து திருவள்ளூர் நீதிமன்றங்கள் பக்கம்தான். போக வேண்டும் என்று கால அட்டவணையில் ஒரு நாள் ஒதுக்கினால், இழந்த இடத்தைவிட நல்ல இடம் கிடைத்திருக்கிறது.

அங்கே விசாரணை தமிழில் நடக்கும். தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் வந்தது. 1976 திருத்தம் கீழமை நீதிமன்றங்களுக்குத் தமிழைக் கொண்டுபோனது. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று சட்டமன்றம் 2006-இல் நிறைவேற்றிய தீர்மானத்தை உச்ச நீதிமன்றம் 2012-இல் ஏற்கவில்லை; அது வேறு போராட்டம். ஆனால் மாஜிஸ்திரேட் முன் குறுக்கு விசாரணை நடப்பது தமிழில்தான். வாக்குமூலத் தாள் ஒன்றை எடுத்துப் பார்த்தால், 'சம்பவ இடத்தில் நான் இல்லை என்று சொன்னால் சரியல்ல' என்ற ரீதியில் வரிக்கு வரி ஓடும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தன் தரப்பைச் சாட்சியிடம் கேள்வியாக வைத்தார், சாட்சி மறுத்தார் என்பதன் பதிவு அது. வாதத்தின்போது 'இதை நாங்கள் சாட்சியிடம் கேட்டிருக்கிறோம்' என்று காட்டவேண்டியவருக்கு அந்த வரிதான் ஆதாரம். இதைச் சொல்லித்தரும் பாடப்புத்தகத்தை நான் பார்த்ததில்லை. சாட்சியச் சட்ட வகுப்பில் குறுக்கு விசாரணை பற்றி ஒரு பருவம் முழுக்கப் படித்துவிட்டு இந்தத் தாளைப் படிக்கத் தெரியாமல் வெளியே வருகிறவர்கள் ஏராளம்.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, உயர்கல்விக்கான புதிய பொது ஆணையத்தின் வரம்பிலிருந்து சட்டத்தையும் மருத்துவத்தையும் விலக்கி வைத்தது. சட்டம் கற்பிக்கும் மாநில நிறுவனங்கள் ஆங்கிலத்திலும் மாநில மொழியிலுமாக இருமொழியில் கற்பிப்பதைப் பரிசீலிக்க வேண்டும் என்றும் அதில் ஒரு வரி வருகிறது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த ஒரு வரியை நம் அரசுச் சட்டக் கல்லூரிகள் எப்போதோ அரைகுறையாகச் செய்துகொண்டிருக்கின்றன: ஆசிரியர் ஆங்கிலச் சட்டத்தைத் தமிழில் விளக்குவார், மாணவர் தமிழிலும் தேர்வெழுதலாம். குறை மொழியில் இல்லை. தமிழில் வாதிடப் பழக்க, தமிழில் வாதிட்ட ஆசிரியர் வேண்டும்.

புதிய சட்டங்களுக்கே திரும்புகிறேன். எண் மாற்றம் சின்ன விஷயம். ஒப்பீட்டு அட்டவணை ஒன்றைச் சுவரில் ஒட்டினால் ஒரு பருவத்தில் பழகிவிடும். அட்டவணையில் அடங்காதவை வேறு இருக்கின்றன. ஒன்று, பழையது சாகவில்லை. அரசியல் சாசனத்தின் 20(1) ஒருவரை அவர் செயல் புரிந்த நாளில் இருந்த சட்டத்தின்படிதான் தண்டிக்க அனுமதிக்கிறது. 2024 ஜூன் வரை நடந்த குற்றங்களுக்குத் தண்டனைச் சட்டம் பழையதே. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 531-ஆம் பிரிவும் அன்று நிலுவையில் இருந்த விசாரணைகளைப் பழைய முறைப்படியே தொடரச் சொல்கிறது. நம் நீதிமன்றங்களின் வேகத்தில் இது எத்தனை ஆண்டு நீளும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பழைய குற்றத்துக்குப் புதிதாக வழக்குப் பதிவானால் எந்த நடைமுறை, மேல்முறையீடு ஜூலை 1-க்குப் பிறகு போனால் எந்தச் சட்டம் என்றெல்லாம் உயர் நீதிமன்றங்களுக்கு முன் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. பழைய சட்டத்தைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டோம் என்று பெருமைப்படும் கல்லூரி, தன் மாணவரைப் பாதி வழக்குகளுக்கு லாயக்கில்லாதவராக அனுப்புகிறது.

இன்னொன்று சாட்சியம். பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி-யின் வாரிசு. மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்ய சான்றிதழ் வேண்டும் என்பதை 2014-இல் அன்வர் வழக்கும் 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கும் உறுதி செய்திருந்தன. புதிய சட்டம் சான்றிதழின் படிவத்தையே அட்டவணையில் தந்துவிட்டது. பகுதி 'ஏ' பதிவைத் தாக்கல் செய்பவர் நிரப்புவது, பகுதி 'பி' நிபுணர் நிரப்புவது. கருவி மொபைலா, சிசிடிவி ரெக்கார்டரா, பென் டிரைவா. அதன் தயாரிப்பு, மாடல், நிறம், வரிசை எண், ஐஎம்இஐ. அப்புறம் ஹாஷ் மதிப்பு, அதை எந்த முறையில் எடுத்தது, எஸ்எச்ஏ-1 அல்லது எஸ்எச்ஏ-256 அல்லது எம்டி5.

இதை வகுப்பில் எப்படி நடத்துவது? பிரிவை வாசித்து, உட்பிரிவுகளை எழுதிப்போட்டு, இரண்டு தீர்ப்புகளைச் சொல்லி முடிக்கலாம். அல்லது, ஒரு மாணவர் தன் போனில் பத்து நொடி வீடியோ எடுக்கட்டும். அதை ஒரு கணினியில் ஏற்றி எஸ்எச்ஏ-256 முறையில் ஹாஷ் எடுக்கட்டும். 64 எழுத்தும் எண்ணுமாக ஒரு சரம் வரும். அதே வீடியோவை வாட்ஸ்அப்பில் நண்பருக்கு வழக்கம்போல அனுப்பி, அங்கிருந்து இறக்கி மறுபடி எடுக்கட்டும். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடுவதால் சரம் வேறாக வரும். கண்ணுக்கு ஒரே வீடியோ, சான்றிதழுக்கு வேறு கோப்பு. கட்சிக்காரர் 'எங்கிட்ட வீடியோ இருக்கு சார், வாட்ஸ்அப்ல அனுப்புறேன்' என்று சொல்லும் நாளில் 'அனுப்பாதீங்க, போனை அப்படியே எடுத்துட்டு வாங்க' என்று சொல்லத் தெரிந்த ஜூனியர் இந்தப் பத்து நிமிடத்தில் உருவாகிறார். இதற்குக் கணினிப் பொறியியல் தேவையில்லை. ஆசிரியர் இதை ஒரு முறை தன் கையால் செய்து பார்த்திருக்க வேண்டும், அவ்வளவே. அவருக்குச் செய்துகாட்ட ஆள் வேண்டும்.

புதிய சட்டங்களுக்காகப் போலீஸாருக்குப் பயிற்சி நடந்தது, நீதித்துறை அலுவலர்களுக்கு நீதித்துறை அகாடமிகள் இருக்கின்றன. கல்லூரி ஆசிரியர்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் புத்தாக்கப் பயிற்சிகள் உண்டு. 1987-இலிருந்து வெவ்வேறு பெயர்களில் நடந்துவந்த அந்த மையங்கள் 2023-இல் மாளவியா பெயரைப் பெற்றன. அவை எல்லாத் துறைக்கும் பொதுவானவை. பதவி உயர்வுக்கு வேண்டிய சான்றிதழ் கிடைக்கும். சட்டக் கல்லூரிகளும் கருத்தரங்குகள் நடத்தின. ஒருநாள், தொடக்க உரை, சிறப்புரை, மதிய உணவு, சான்றிதழ். இவற்றைக் கேலி செய்வது எளிது, அவற்றால் ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்லமாட்டேன். ஆனால் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க பி.எட். கேட்கும் நாட்டில், நாளைய நீதிபதிக்குப் பாடம் எடுக்க எல்.எல்.எம்.மும் நெட் தேர்வும் போதும். பி.எட். போல ஒரு கற்பித்தல் பட்டம் வேண்டியதில்லை என்பதை மறந்துவிடக்கூடாது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2023 ஜூனில் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை மனுவில் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதித்துறைக்கான கொள்கை ஒன்றை வெளியிட்டது. தீர்ப்பை முடிவு செய்ய இந்தக் கருவிகளைப் பயன்படுத்தக்கூடாது என்றது. 2024-இல் ஹரியானாவில் ஒரு தனியார் சட்டப் பள்ளி, விடைத்தாள் இயந்திரம் எழுதியது என்று மாணவர் ஒருவரைத் தோல்வியாக்கியது. அவர் உயர் நீதிமன்றம் போனார், பல்கலைக்கழகம் அவரைத் தேர்ச்சியாக்கி வழக்கு முடிந்தது. மென்பொருளை வைத்து மென்பொருளைப் பிடிக்கும் வேலை நீதிமன்றத்தில் நிற்காது என்பதுதான் நான் இதில் பார்ப்பது. ரெக்கார்டு நோட்டைக் காப்பியடித்த பழைய நோய்க்கும் இந்தப் புதிய நோய்க்கும் மருந்து ஒன்றே: மாணவரை எதிரே உட்காரவைத்து, 'இந்தத் தீர்ப்பில் தோற்றது யார், ஏன்?' என்று கேட்பது. வாய்மொழித் தேர்வுக்கு 2008 விதிகள் தந்த பத்து மதிப்பெண்ணை முப்பதாக்கினாலே நிலைமை மாறும். அதற்கும் ஆசிரியர் எண்ணிக்கை வேண்டும். அறுபது பேரைத் தனித்தனியாகக் கேள்வி கேட்க ஒருவரால் ஆகாது.

எண்ணிக்கையில்தான் அரசுக் கல்லூரிகள் திணறுகின்றன. தமிழ்நாட்டு ஆசிரியர் தேர்வு வாரியம் 2025 ஜனவரியில் அரசுச் சட்டக் கல்லூரிகளின் 132 இடங்களுக்கு அறிவிக்கை வெளியிட்டது. காலியிடங்களைக் கௌரவ விரிவுரையாளர்கள்தான் தாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் தொழில் செய்யும் வழக்கறிஞர்கள். 1979 விதியின் மூன்று மணி நேரத்துக்குள் வருபவர்கள். நிரந்தரம் இல்லை, பாடத்திட்டக் குழுவில் இடமில்லை. நீதிமன்ற அனுபவம் கல்லூரிக்குள் இருக்கிறது, மிகக் குறைந்த ஊதியத்துக்கு, குரலில்லாத இருக்கையில்.

அமெரிக்காவில் மாணவரே மேற்பார்வையின்கீழ் நீதிமன்றத்தில் தோன்ற பல மாநிலங்கள் விதி செய்திருக்கின்றன. இங்கே அவ்வளவு தூரம் போக வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-இன் 4-ஆம் பிரிவு, சட்டக் கல்லூரிகளில் சட்ட உதவி மையங்களை வளர்ப்பதைத் தேசிய ஆணையத்தின் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. கல்லூரியில் அந்த மையம் பெரும்பாலும் ஒரு பெயர்ப்பலகை. அதன் பொறுப்பாசிரியருக்கு மட்டும், அந்த மையம் எடுக்கும் வழக்குகளில் மட்டும், கட்டணம் வாங்காமல், வக்காலத்து போட அனுமதி கொடுத்தால் என்ன? 1979 விதிகளைப் போட்டது ஒன்றிய அரசு. அதில் ஒரு உட்பிரிவு சேர்க்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, அறிவிக்கை போதும். 49-ஆம் விதியில் விலக்கு தர பார் கவுன்சில் தீர்மானித்து, இந்தியத் தலைமை நீதிபதி ஒப்புதல் தந்தால் போதும். முழுநேர ஆசிரியர் தொழிலுக்குப் போய்விடுவார், வகுப்பு பாழாகும் என்ற 1950-களின் பயம் இதில் எழாது. வரும்படி இல்லாத வழக்குக்காக யாரும் வகுப்பை விட்டு ஓடமாட்டார்கள்.

2025 ஆகஸ்டில் பார் கவுன்சில், மூன்றாண்டுக்குப் புதிய சட்டக் கல்லூரிகளுக்கு அனுமதியில்லை என்று தடை போட்டது. 2019-இலும் இப்படி ஒரு தடை வந்தது, போனது. இடைப்பட்ட காலத்தில் ஆசிரியருக்காக எதுவும் மாறவில்லை. இம்முறை தகுதியான ஆசிரியர் பற்றாக்குறையையும் கவுன்சில் காரணமாகச் சொல்லியிருக்கிறது. 2028 ஆகஸ்டுக்குள் எத்தனை ஆசிரியர்கள் ஒரு விசாரணையை முதல் சாட்சியிலிருந்து தீர்ப்பு வரை உடனிருந்து பார்த்தார்கள் என்று ஆய்வுக்கு வரும் பார் கவுன்சில் குழு கல்லூரிகளைக் கேட்கலாம். இப்போது அந்தக் குழு நூலகத்தில் எத்தனை புத்தகம் என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறது.